கல்லுக்குள் கிடந்த பாட்டன்

மன்னார் வளைகுடாவில் ஒரு பவளப்பாறையின் அடியில் நொறுங்கு நட்சத்திரங்கள் என்ற சிறு கடல் உயிர்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. நடுவில் பொத்தான் அளவு உடம்பு. அதைச் சுற்றிப் பாம்புக்குட்டி போல நெளியும் ஐந்து கைகள். எதிரி ஒரு கையைப் பிடித்தால், நொறுங்கு நட்சத்திரம் அந்தக் கையை உடைத்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். சில மாதங்களில் புதுக் கை முளைத்துவிடும். இதை அந்தக் கூட்டத்தில் யாரும் வெட்கமாக நினைத்ததில்லை.

ஒரு புயலில் கடலடியில் கிடந்த கற்பலகை ஒன்று புரண்டது. அதன் மறுபக்கத்தில் ஒரு நொறுங்கு நட்சத்திரத்தின் உருவம் பதிந்திருந்தது. பல கோடி ஆண்டுப் பழசு. ஐந்து கைகளும் நுனிவரை அப்படியே இருந்தன.

அதைப் பார்த்ததும் முழுவன் என்ற நொறுங்கு நட்சத்திரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குத் தலையே கிடையாது என்பது வேறு விஷயம். அவனுக்கு மட்டும் அதுவரை ஒரு கையும் உடைந்ததில்லை. வீரம் ஒன்றும் காரணமில்லை. இடுக்கை விட்டு அவன் வெளியே வந்ததே இல்லை.

"இவரு என் பாட்டன். கை ஒடியாத பரம்பரை எங்களோடது" என்றான்.

அன்றைக்கே சட்டமும் போட்டான். பிறவிக் கை ஐந்தும் உள்ளவர்கள் பலகைமேல் உட்காரலாம். முளைத்த கைக்காரர்கள் கீழே மணலுக்குப் போய்விட வேண்டும். பலகைமேல் நீரோட்டம் நல்ல இரையாகக் கொண்டுவரும். மணலுக்கு வருவது மிச்சம்மீதிதான். முளைத்த கை வெளுத்து, சற்றே குட்டையாக இருக்கும் என்பதால் யாரும் மறைக்கவும் முடியவில்லை. ஒவ்வொருவர் கையாக அவனே தடவிப் பார்த்தான்.

பக்கத்து இடுக்கில் இருந்த வரிச்சியின் முறை வந்தது.

"இந்தக் கை எப்பப் போச்சு?"

"போன வருசம். கிளாத்தி மீன் கடிச்சுது. கையை விட்டேன், உசிரு மிஞ்சுச்சு."

"மானம் மிஞ்சலியே. கீழ போ."

"நீ பொறக்கதுக்கு முன்னாலயே இங்க இரை புடிச்சவ நான்."

"கீழ போன்னு சொன்னேன்ல."

நொறுங்கு நட்சத்திரத்துக்குத் தின்பதும் ஒரே வாய், கழிப்பதும் அதே வாய். முழுவன் பெருமை பேசியதும் அந்த வாயால்தான்.

கடைசியில் பலகைமேல் உட்காரத் தகுதி உள்ளவன் அவன் ஒருவன்தான் என்று தெரிந்தது. பெரிய சபை!

அந்த வழியாக ஊர்ந்துவந்த கிழட்டுக் கடலட்டை, கல்லை நிதானமாகத் தடவிப் பார்த்தது.

"மருமவனே, ஆயுசு பூரா சேத்தத் தின்னு வளந்தவன் நான். நம்ம கடல்ல செத்த நொறுங்கு நட்சத்திரம் சீக்கிரமே துண்டு துண்டாப் பிரிஞ்சு போயிரும். இவரு முழுசாக் கெடக்காருன்னா, சேறு சரிஞ்சு உசிரோட மூடியிருக்கு. அன்னிக்குத் தப்பிச்சு ஓடுனவங்கதான் புள்ளை பெத்தாங்க. நீ அவங்க வம்சம். அவங்கள்ல எத்தனை பேருக்குக் கை ஒடஞ்சிருந்துதோ!"

"சேறு திங்கவன் வாயில சேறுதான் வரும்" என்றான் முழுவன்.

மூன்றாம் நாள் ஒரு நண்டு வந்தது. மணலில் இருந்தவர்கள் சட்டென்று கற்களுக்கு அடியில் நுழைந்துகொண்டார்கள். முழுவனுக்கும் பயம்தான். ஆனால் பாட்டன்மேல் உட்கார்ந்துகொண்டு எப்படி ஒளிவது? கைகளைத் தூக்கியபடியே இருந்தான். நண்டு ஒரு கையின் நுனியைக் கவ்விக்கொண்டது.

"முழுவா, கையை விட்டுட்டு ஓடி வந்திரு!" வரிச்சி கல்லுக்கு அடியிலிருந்து கத்தினாள். "எங்கூட எடம் இருக்கு."

அவன் உடம்புக்குப் புத்தி இருந்தது. பிடிபட்ட கையின் மூட்டு தானாகவே தளரத் தொடங்கிவிட்டது. ஒரு உதறல் போதும். ஆனால் நாளைக்கு மணலில் வரிச்சி பக்கத்தில் உட்கார வேண்டுமே! வெளுத்துப்போன குட்டைக் கையை எல்லாரும் தடவிப் பார்ப்பார்களே! அந்த நினைப்பில் மூட்டை இறுக்கிக்கொண்டான்.

"விட மாட்டேன். பாட்டன் பாத்துக்கிட்டு இருக்காரு."

"பாக்கட்டும்" என்றது நண்டு. "உங்க ஆளுககிட்ட எப்பவும் ஒத்தக் கைதான் கெடைக்கும். முழுச் சாப்பாடு இன்னிக்குத்தான்."

ஐந்து கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. கடைசியில் பொத்தான் உடம்பும் போனது. சாப்பிட்டு முடித்த நண்டு, பாட்டன் மேலேயே கொடுக்கைத் துடைத்துவிட்டுப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து வரிச்சி மெல்ல மேலே ஏறி வந்தாள். கல்லில் பதிவதற்கு முழுவனில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. நீரோட்டம் நன்றாக இருந்தது. அவள் மற்றவர்களையும் கூப்பிட்டாள். குட்டைக் கையும் நெட்டைக் கையுமாக எல்லாரும் பாட்டன்மேல் ஏறி உட்கார்ந்து இரை பிடித்தார்கள்.

பிழைத்து வந்தவர்களின் வம்சத்தில் பிறந்துவிட்டு, செத்துக் கல்லானவனின் பெருமைக்காக உயிரை விடுகிறவனைப் போன்ற முட்டாள் கடலிலும் இல்லை, கரையிலும் இல்லை.