குடுமிக் கதவு

அந்தச் சிலம்பக் கூடத்தில் சுடலைமுத்துவை மிஞ்சிய பலசாலி கிடையாது. நெல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். அப்படிப்பட்டவர் அன்று ஆசான் முன்னால் கண் கலங்கி நின்றார். ஆசான் பூரணம் அவரைவிட வயதில் சிறியவர். உயரமும் அவர் தோள் மட்டம்தான்.

“கோமுவைக் கட்டில்ல இருந்து நாற்காலிக்குத் தூக்குனேன், ஆசானே. கீழ போட்டுட்டேன்.”

முதுகில் அடிபட்டதிலிருந்து அவர் மனைவி கோமுவுக்குக் கால்கள் விளங்கவில்லை.

“எனக்கு இன்னும் பலம் வேணுமோ?”

“இருக்கிறதே அதிகம், அண்ணாச்சி. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

வீட்டு வாசலில் கனத்த பழைய கதவு. அதற்குக் கீல் இல்லை. கதவடியில் முளைபோல் நீட்டிய குடுமி, வாசற்கல்லின் குழியில் உட்கார்ந்து சுழலும்.

“இதைத் தூக்கித் திறங்க” என்றார் ஆசான்.

சுடலைமுத்து கவலையை மறந்து சிரித்துவிட்டார். “கதவை யாராவது தூக்குவாங்களா? பாரத்தைக் குடுமி பார்த்துக்கும். நாம தள்ளுனா போதும்.”

ஒரு கையால் தள்ளினார். கதவு சாதுவாகத் திரும்பியது.

உள்ளே கோமு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “இனி என்னை யாரும் தொட வேண்டாம். இப்படியே கிடந்துட்டுப் போறேன்.”

“ஒரே ஒரு தடவை, மதினி.”

கோமு திரும்பி ஆசானைப் பார்த்தாள். “ஒரு தடவைதான்.”

அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, நாற்காலியை ஒட்டிப் போட்டார்கள். சுடலைமுத்து வழக்கம்போலக் கைகளை அடியில் கொடுத்து அள்ளப் போனார். ஆசான் அவர் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தார்.

“மறுபடியும் கதவைத் தூக்குறீங்க! மதினி பாதத்தைத் தரையில பதிச்சு வைங்க. உங்க முட்டியை அவங்க முட்டிக்கு அணையாக் கொடுங்க. மதினி, நீங்க அண்ணாச்சி தோள்மேல நல்லா சாயுங்க. ம், ரெண்டு பேரும் சேர்ந்து திரும்புங்க.”

சாய்ந்ததும் கோமுவின் இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியது. அவர் திரும்ப, அவளும் திரும்பினாள். நாற்காலி அவளை வாங்கிக்கொண்டது.

சுடலைமுத்துவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. சந்தோஷம்தான், ஆனால் அவ்வளவு பலத்துக்கும் வேலையில்லாமல் போனதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“பாரத்தை எது தாங்குச்சு, ஆசானே?”

“மதினி காலு.”

கோமுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கேலி பண்ணாதீங்க. இது நடக்காத காலு.”

ஆசான் வாசல் பக்கம் கை காட்டினார்.

“அந்தக் குடுமி என்னைக்கு, மதினி, நடந்துச்சு?”