பிறர் பசிமேல் பொறாமை கொண்ட முப்பிடாதியார்

வேலாங்குன்றத்து முருகன் கோயிலில் எண்ணெய் துடைப்பது முப்பிடாதியாரின் பணி. விளக்கேற்றுகிறவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். சிந்திய எண்ணெய் கல்லில் கிடக்கும். அம்மையார் முட்டிபோட்டு, தவிட்டைத் தூவித் தூவித் தேய்த்து எடுப்பார். "வாறவுக கால் வழுக்கிரப்படாது முருகா" என்பதுதான் அவர் அறிந்த ஒரே மந்திரம்.

வருடக்கணக்கில் மண்டியிட்டால் முட்டி சும்மா இருக்குமா? பெட்டிக்கடையில் வலி மாத்திரை வாங்கி, விடிகாலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுத் தவிட்டுக்கூடையைத் தூக்குவார். அது வயிற்றை அரித்தது. ஒருநாள் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்து விழுந்தார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பையில் புண் என்றார்.

"அந்த வலி மாத்திரையை இனித் தொடவே கூடாது. நான் தர்ற மாத்திரையை விடாமப் போடுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சமாச்சும் சாப்பிடணும். புளி, காரம் வேண்டாம். விரதம்னு வயித்தைக் காயப் போட்டா மறுபடியும் இங்கேதான் வருவீங்க."

அம்மையார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிச் சொல்லுக்கு மட்டும் தலை ஆடவில்லை. ஐப்பசி வந்தால் சஷ்டி விரதமாயிற்றே!

சஷ்டிக்கு ஊர்ப்பெண்கள் கோயில் மண்டபத்திலேயே ஆறு நாள் தங்குவார்கள். அவர்களுக்குத் தலைவி அரிசி மண்டி வீட்டுக் கோமதி. இருபது வருடமாக ஆறு நாளும் வெறும் தண்ணீர்தான். விரதம் முடித்து எழுந்தால், சனங்கள் காலில் விழுவார்கள். பிள்ளைகளை மடியில் போட்டு ஆசி கேட்பார்கள். அதையெல்லாம் தூணோரம் தவிடும் கையுமாக நின்று அம்மையார் பார்ப்பார். கோமதியின் கழுத்துச் சங்கிலி மேல் அவருக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. அந்த ஒட்டிய வயிற்றின் மேல் வந்தது. மக்களே, பிறர் சோற்றின் மேல் பொறாமைப்படுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் பிறர் பசியின் மேல் பொறாமைப்பட்டார்.

அந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், தூணுக்குப் பின்னால் ஒளிந்து தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரைக் கோமதி பார்த்துவிட்டார்.

"ஏளா முப்பிடாதி, இது இன்னைக்கு எத்தனாவது வாளி? அங்க அவன் சூரனை முடிக்கான், இங்க நீ கஞ்சியை முடிக்கியாக்கும்!"

மண்டபமே சிரித்தது. "வயித்துல புண்ணு மதினி" என்றார் அம்மையார்.

"எங்களுக்கு மட்டும் இரும்பு வயிறா? பக்தி இருந்தா புண்ணு ஆறும்ளா."

அந்தச் சொல் புண்ணுக்குள் புண்ணாக இறங்கியது. 'இவளுக்கு மட்டும் பசியைக் கொடுத்தாய், எனக்குக் கஞ்சியைக் கொடுத்தாயே' என்று முருகனிடம் சண்டை போட்டார். மறுநாள் வாளியைக் கொண்டுபோய்ப் பசுவுக்குக் கவிழ்த்தார். மாத்திரையையும் தொடவில்லை. தானும் கையில் காப்புக் கட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் பல்லைக் கடித்து ஓட்டினார். மூன்றாம் நாள் நெஞ்சுக்குழிக்குக் கீழே நெருப்புக் கங்கு வைத்தாற்போல் இருந்தது. உங்களில் யாருக்கும் அந்த வலி வேண்டாம், தாயே. அப்போதும் தவிட்டை விடவில்லை. உச்சிப் பூசைக்கு மணி அடிக்கிறது, கூட்டம் வரப்போகிறது, குத்துவிளக்கடியில் எண்ணெய். தேய்த்துக்கொண்டே சுருண்டு விழுந்தார்.

அதே நொடியில் மண்டபத்தில் கோமதி துள்ளி எழுந்தார். முடி அவிழ்ந்தது. குரல் அவர் குரலாக இல்லை.

"விடியுமுன்ன படைக்கிய, உச்சிக்குப் படைக்கிய, அந்திக்குப் படைக்கிய, நடை சாத்தும்போதும் பால் ஊட்டுதிய! என்னை எவனாவது சாப்பாட்டுராமன்னு கேலி பண்ணினியளாவே? எந்தாயி ஒரு வாய் குடிச்சிட்டு எம் வாசலைத் துடைக்கா. அவ பட்டினி கிடந்தா எனக்குச் சோறு இறங்குமா?"

அர்ச்சகர் கையிலிருந்த நிவேதனத் தட்டை வாங்கி, உப்பும் புளியும் சேராத வெள்ளை அன்னத்தைப் பிசைந்து, முப்பிடாதியார் வாயில் ஊட்டியது அந்தக் கை. அவர் கட்டியிருந்த காப்பையும் அதுவே அறுத்தது. பிறகு கோமதி மயங்கிச் சாய்ந்தார். அம்மையாரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் மீண்டும் கசியவிருந்த நேரம், தப்பித்தார்.

சூரசம்காரம் முடிந்த மறுநாள் கோமதி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"சாமி என்னட்டி சொல்லிச்சு? ஊரே கேட்டிருக்கு. பேசின வாய் என் வாய்தான். எங்காதுல மட்டும் விழலையே! இருவது வருசம் பட்டினி கிடந்தேன், எனக்கு ஒரு சொல் உண்டா? உன்னை நினைச்சா பொறாமையா இருக்குளா."

தம்மைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படுவதா! அம்மையாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. கேட்டதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னார். "எந்தாயின்னா சொல்லிச்சு? இன்னொருக்கச் சொல்லு" என்றார் கோமதி. மூன்று முறை சொன்னார். நான்காம் முறைக்குள் கஞ்சி வேளை வந்துவிட்டது. கோமதியே ஆற்றிக் கொடுத்தார். அம்மையார் யாருக்கும் ஒளியாமல் குடித்தார்.

உண்ணாதிருந்து தொழுதவர்கள் பலர். முருகனுக்காக உண்டு தொழுத முப்பிடாதியாரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.