யானை தும்மிய நாளும் வருகை ஏடும்

ஏழாற்றூரை முன்னொரு காலத்தில் விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நினைத்தபோதெல்லாம் விடுமுறை விட்டுவிடுவான். பட்டத்து யானை தும்மினால் ஊருக்கே விடுமுறை. கிளி செத்தபோது மூன்று நாள். அந்த நாள்களில் கடை திறக்கக் கூடாது, ஓடம் அவிழ்க்கக் கூடாது, மீறினால் கசையடி. ஒவ்வொரு விடுமுறையையும் புகழ்ந்து பாடிப் பரிசு வாங்கியவர் அவைப் புலவர் அம்பலவாணர். ஆற்றுக்கு அக்கரையில் அவர் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடமும் நடத்திவந்தார்.

ஓடக்காரன் உலகன் தன் மகள் வஞ்சியை அங்கே சேர்த்தான். பதினோரு நாள் போனாள். பதினோரு நாளும் புலவர் வீட்டு மாட்டுத் தொழுவத்தைக் கூட்டினாள்.

“இதை நம்ம வீட்டுலயே கூட்டலாமேப்பா” என்றாள்.

உலகன் அந்த நாள்களுக்கு உரிய நெல்லை அளந்து கொடுத்துவிட்டு மகளை நிறுத்திக்கொண்டான்.

ஆண்டு முடிவில் புலவர் அவையில் வழக்குப் போட்டார். ஓராண்டுக் கட்டணம் பன்னிரண்டு கலம் நெல் வேண்டும், இல்லையேல் ஓடம் வேண்டும். ஓடம் போனால் உலகன் வீட்டில் அடுப்பெரியாது.

“ஒரு நாள் தவறாமல் வந்து ‘உள்ளேன் ஐயா’ என்றாள், அரசே. இதோ வருகை ஏடு. முந்நூற்று அறுபத்தைந்து புள்ளிகள்” என்றார் புலவர்.

“ஓடக்காரா, நீ என்ன சொல்கிறாய்?”

உலகன் ஏட்டை எட்டிப் பார்த்தான். ஏட்டைப் படிக்க அவனுக்குத் தெரியாது. ஆனால் ஓரிடத்தில்கூட இடைவெளி இல்லாமல் புள்ளிகள் ஓடுவது தெரிந்தது. அந்த ஆண்டு தன் ஓடம் எத்தனை நாள் கட்டிக் கிடந்தது என்பதும் நினைவிருந்தது.

“புலவர் ஐயா பொய் சொல்வாரா, மகாராஜா? போயிருப்பாள். போன நாளெல்லாம் ஐயா வீட்டுத் தொழுவத்தைத்தான் கூட்டினாள். எனக்கு ஒரே சந்தேகம். யானை தும்மிய அன்றும் போனாளா?”

“வந்தாள்” என்றார் புலவர் பட்டென்று. “முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.”

ராஜாவின் கை மீசையிலிருந்து இறங்கியது. “அன்று நான் விடுமுறை விட்டேனே, புலவரே. பள்ளிக்கூடம் நடந்ததா?”

“இல்லை, அரசே. அன்று வாசலே திறக்கவில்லை. புள்ளி… கை தவறி விழுந்திருக்கும்.”

“கிளிக்குத் துக்கம் காத்த மூன்று நாளும்?” என்று பணிவாகக் கேட்டான் உலகன்.

“அதுவும் கை தவறித்தான்.”

“அப்படியானால் ஐயாவுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்புங்கள், மகாராஜா. வருஷம் முழுக்கக் கை நடுங்கியிருக்கிறது.”

ராஜா கணக்கரைப் பார்த்தான். “போன ஆண்டு எத்தனை விடுமுறை விட்டோம்?”

“இருநூற்றுப் பதினான்கு, அரசே.”

அவை சிரிக்காமல் தரையைப் பார்த்தது.

“குறைவுதான்” என்ற ராஜா, புலவர் பக்கம் திரும்பினான். “பெண் தினமும் வந்தாள் என்று உமது ஏடு சொல்கிறது. ஏட்டை நாம் மதிக்க வேண்டும். வந்தவளுக்குத் தொழுவத்தைத் தவிர நீர் எதுவும் காட்டவில்லை. ஆகவே ஓராண்டுப் பாடம் உம்மிடம்தான் பாக்கி நிற்கிறது. ஓடத்துறைக்கே போய்ச் செலுத்தும். வருகையை அவள் எடுக்கட்டும்.”

உலகனுக்குப் பன்னிரண்டு கலம் நெல் பரிசு கிடைத்தது. தீர்ப்பைக் கொண்டாட ராஜா மறுநாள் விடுமுறை விட்டான். அன்றும் ஓடம் கட்டித்தான் கிடந்தது.

அதற்கடுத்த நாள் காலை, ஆற்று மணலில் உட்கார்ந்து வஞ்சி ஏட்டைப் பிரித்தாள்.

“அம்பலவாணர்.”

புலவர் தொண்டையைச் செருமினார். ஓடத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உள்ளேன், அம்மா.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் புள்ளி வைத்தாள்.