இலுப்பைத் தண்ணீரும் கரிச்சானின் கச்சேரியும்

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கரடி ஒன்று அரசாண்டு வந்தது. அரசாண்டது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், குழந்தைகளே. பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

கோடை வந்தது. காட்டில் வற்றாமல் இருந்தது ஒரே ஒரு சுனை. "இனி இந்தச் சுனை நான் குளிப்பதற்கு மட்டும்" என்று கட்டளை போட்டுவிட்டு, கரடி அதிலேயே படுத்துக்கொண்டது. மற்ற விலங்குகள் பாறை இடுக்கில் கசிந்த ஈரத்தை நக்கிக் காலம் தள்ளின. புள்ளிமானின் குட்டி நாக்கு வறண்டு, எழுந்து நடக்க முடியாமல் கிடந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிதோறும் காலையில் எல்லா விலங்குகளும் மொட்டைப் பாறையில் கூட வேண்டும். அரசரின் கட்டளை பிடிக்காதவர்கள் உச்சிவெயில் வரும்வரை, எதிலும் சாயாமல், சொந்தக் காலில் நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் நின்றால் கட்டளை செல்லாது.

"எல்லோரும் நின்றுவிடுவார்களே!" என்று கவலைப்பட்டது கரடி.

"நிற்க முடிந்தால்தானே, மகாராஜா?" என்றது அமைச்சர் நரி.

நரி நேரே கரிச்சான் குருவியிடம் போனது. அந்தக் காட்டில் குயில் கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? அங்கே கரிச்சான்தான் பெரிய பாடகர். பிளந்த வாலை ஆட்டி ஆட்டி அது பாடினால் குரங்குகள் கிளையை மறந்து ஆடும். தலைக்கனமும் அதற்கேற்றபடி இருந்தது.

"வித்துவானே, பௌர்ணமி விடியலில் மொட்டைப் பாறையில் உங்கள் கச்சேரி. வருகிறவர்களுக்குக் குடிக்க அரசர் உபயம்!" என்றது நரி.

கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

பௌர்ணமி அன்று பாறைக் குழி நிறைய, ஊறிப் புளித்த இலுப்பைப் பூத் தண்ணீர் கள்ளைப் போல நுரைத்துக்கொண்டிருந்தது. தாகத்தோடு வந்தவை வேண்டாம் என்னுமா? குடித்தன, ஆடின, சுருண்டு விழுந்தன. குட்டிக்காக நிற்க வந்த மானும், பாவம், குடித்துவிட்டுப் படுத்துவிட்டது.

உச்சிவெயிலில் நின்றது முள்ளம்பன்றி மட்டும்தான். யார் எதைக் கொடுத்தாலும் அது சட்டென்று வாயில் வைக்காது.

"எதிர்ப்பு ஒன்றே ஒன்று. கட்டளை செல்லும்" என்றது நரி.

"பார்த்தீர்களா? என் பாட்டில் காடே சொக்கிவிட்டது" என்றது கரிச்சான்.

"உன் பாட்டிலா?" என்று சிரித்தது முள்ளம்பன்றி. "அடுத்த கச்சேரியில் பாடாமல் வாயை மட்டும் அசைத்துப் பார், தம்பி."

அதன்பிறகு நரி தினமும் மாலையில் இலுப்பைத் தண்ணீரோடு கச்சேரி வைத்தது. ஒரு நாள் கரிச்சான் சத்தமே வராமல் அலகை மட்டும் திறந்து மூடியது.

"ஆகா! அற்புதம்! மறுபடியும்!" என்று கத்தின குரங்குகள்.

கரிச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அது வாலை ஆட்டவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாள் மான் கரிச்சானைத் தேடி வந்தது.

"அண்ணா, நாளைக்கும் குழியைக் கண்டால் நான் குடித்துவிடுவேன். குடித்தால் நிற்க மாட்டேன். என் குட்டி அடுத்த பௌர்ணமி வரை தாங்காது."

கரிச்சான் வெட்கத்தால் தலை குனிந்தது.

மறுநாள் விலங்குகள் குழியில் வாய் வைக்கப் போன நேரம். "உஸ்ஸ்ஸ்!" என்று நாகப்பாம்பின் சீறல் கேட்டது. எல்லாம் துள்ளிப் பின்வாங்கின. கரிச்சான் யார் குரலிலும் கத்தும் என்பது அந்த அவசரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"பாம்புமில்லை, பல்லியுமில்லை! குடியுங்கள்!" என்று கெஞ்சியது நரி. ஒன்றும் அசையவில்லை.

"கோழைகளா, இதோ பாருங்கள்!" என்று எழுந்து வந்தது கரடி. குழியில் தலையை விட்டு, பாம்பு இல்லை என்று காட்டுவதற்காகக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியது. பிறகு கொட்டாவி விட்டு அங்கேயே சாய்ந்தது.

கரிச்சான் பாடத் தொடங்கியது. தெளிந்த காதுகள் அதன் பாட்டைக் கேட்பது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

"இரண்டாம் அடியில் சுருதி இறங்குகிறதே!" என்றது ஒரு குரங்கு.

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. கால் கடுத்தவர்கள் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று உச்சிவெயில் வரும்வரை, தொண்டை கட்டும்வரை பாடியது. மான் நான்கு காலும் நடுங்க நின்றது.

நரி எண்ணிப் பார்த்தது. படுத்திருந்தது கரடி ஒன்றுதான்.

"கட்டளை செல்லாது" என்று அறிவித்துவிட்டு, "எல்லோரும் பாருங்கள், நானும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்" என்றது நரி.

மான் தன் குட்டியை முட்டி முட்டிச் சுனைக்கு நடத்திப் போனது. குட்டி தலை தூக்காமல் குடித்தது. கரிச்சான் தயங்கித் தயங்கிப் பக்கத்துக் கல்லில் வந்து அமர்ந்தது.

"என் பாட்டு எப்படி இருந்தது?"

"சுமார்தான், அண்ணா" என்றது மான். "ஆனால் முழுவதும் கேட்டேன்."

நீதி: தெளிவை இழந்தவர் உரிமையையும் இழப்பார், அதற்குத் துணைபோகும் பாட்டு எவ்வளவு இனித்தாலும் கேடே.