பதினேழாவது பிரிவு

“குருவே, கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துக்கும் ஒரு வரி கேக்காங்க” என்றார் ஆவுடையப்பன்.

குரு சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலை தூக்கினாள்.

“யாரு?”

“பின்லாந்துக்காரங்கதான். வேற யாரு?”

இந்த இடத்தில் ஒரு சேதி சொல்லிவிட வேண்டும். குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சிஷ்யருக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அறுபது நிறைகிறது. அன்றைக்கு ஓய்வு.

குருவின் பெயர் ஜெபமலர். தெற்கத்திப் பல்கலைக்கழகம் ஒன்றில் அயல்நாட்டு ஒப்பந்தங்களை எழுதுகிறவள். ஆவுடையப்பனோ தேர்வுத் துறையில் உட்கார்ந்து ‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதி எழுதியே விரல் தேய்ந்தவர். கடைசி வருஷம், யார் செய்த புண்ணியமோ, அவரை இந்த அறைக்கு மாற்றினார்கள். வந்த அன்றே அவளைக் கும்பிட்டு, “இனிமே நீங்கதான் குரு” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். நாளாக ஆக அது நிஜமாகிவிட்டது.

ஒரு காகிதத்திலாவது ‘வருக’ என்று எழுதிவிட வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

ஓய்வைப் பற்றி மட்டும் அவரிடம் பேச முடியாது. வழியனுப்பு விழா வைக்கிறோம் என்று வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தார்.

“மாலையைப் போட்டு, சுத்தி நின்னு புகழ்றது வேற சடங்குவே. ஆளை விடுங்க.”

பின்லாந்தின் வடகோடியில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்வதற்கு அவர் எழுதிய ஒப்பந்தத்தில் பதினாறு பிரிவுகள். மாணவர் தங்க இடம், ஆசிரியர் போய்வரச் செலவு, நூலகம், ஆய்வுக்கூடம், ஒன்றையும் விடவில்லை. பதினாறோடு நிறுத்தினார். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டுமே என்றுதான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்தார்.

பதினேழாவதாக ஒன்று வேண்டும் என்று அந்த ஊர் அதிகாரி கைசா எழுதியிருந்தார். ஒப்பந்தம் ஒருநாள் முடிவுக்கு வந்தால் என்ன செய்வது? அதைச் சொல்லாமல் கையெழுத்து இல்லை.

“நாளைக் காலையில வந்து இறங்குதாங்க. நல்ல நேரம் பாத்து வச்சிருக்கேன். அதுல போயி முடிவு, முறிவுன்னு எழுதச் சொன்னா?”

“பதினாறு பிரிவு எழுதினப்ப பயப்படலையே அண்ணாச்சி. இந்த ஒரு பிரிவுக்கா பயம்?”

“அதெல்லாம் சேருத பிரிவு. இது பிரியுத பிரிவுல்லா?”

ஜெபமலர் டப்பாவை மூடினாள்.

“இந்த ரூமுக்கு எத்தனை வாசல்?”

“ஒண்ணுதான்.”

“உள்ள வாரதுக்கா, வெளிய போறதுக்கா?”

“ரெண்டுக்குந்தான்.”

“ம்” என்றாள். கை கழுவப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். எழுந்து போய்த் தொட்டும் பார்த்தார். பெயின்ட் உரிந்த சாதாரண வாசல்.

உட்கார்ந்து எழுதினார்: ‘இவ்வொப்பந்தம் சூரிய சந்திரர் உள்ளவரை நீடிக்கும்.’

ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்த வாக்கு அது. இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? அதை ஆங்கிலமாக்கி, சென்னையில் ரயிலுக்குக் காத்திருந்த கைசாவுக்கு அனுப்பி வைத்தார்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. ‘அழகான வாக்கியம். ஆனால் எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் சூரியன் எழுவதே இல்லை. அந்த நாட்களில் ஒப்பந்தம் உண்டா, கிடையாதா?’

ஜெபமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆவுடையப்பனுக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதிலில் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. ‘முன்பு வேறொரு நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவை எழுதாமல் விட்டோம். உறவு முறிந்தபோது எங்கள் மாணவர்கள் பாதிப் படிப்பில் நின்றார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவரப் போனது நான்தான்.’

இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“எழுதத்தான் வேணும் குருவே” என்றார் ஆவுடையப்பன். “ஆனா கை வர மாட்டேங்கு. முறிவுன்னு எழுதுனா முறிஞ்சிருமோன்னு இருக்கு. நீங்களே எழுதிக் குடுத்துருங்க.”

“நான் எழுதினா அது என் ஒப்பந்தம் அண்ணாச்சி.”

அலுவலகம் விடும் நேரமாயிற்று. ஜெபமலர் பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

இந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படிப் போனதே இல்லை. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு ஓடினார்.

“என்னம்மா, சொல்லிக்கிடாம போறீங்க?”

அவள் வராந்தாவில் நின்றாள்.

“சரி, சொல்லிக்கிடுதேன். போறேன் அண்ணாச்சி.”

“ஐயையோ! போறேன்னு சொல்லாதீங்கம்மா. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க!”

“இப்ப ரெண்டு வரி சொன்னீங்களே.”

“ஆமா.”

“எழுதுங்க” என்றாள் ஜெபமலர். “போயிட்டு வாரேன்.”

ஆவுடையப்பன் வாசல்படியிலேயே நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பிறகு, ஆள் இல்லாத வராந்தாவைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மேசைக்கு ஓடினார்.

மறுநாள் காலை பதினேழாவது பிரிவை ஜெபமலர் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தாள். கைசா படித்தார்.

‘விலக விரும்புகிறவர் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் போகக் கூடாது. யார் விலகினாலும், படிக்கப் போன பிள்ளைகள் படிப்பை முடித்து வீடு திரும்பும்வரை அவர்களுக்கு உள்ள இடமும் உரிமையும் குறையாது. போனவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.’

இன்னொரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மஞ்சள் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

கேசரி பரிமாறினார்கள். கைசா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கார் வந்தது. வழியனுப்பத் துணைவேந்தர் முதற்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். காரில் ஏறப்போன கைசா திரும்பி நின்று, யாரிடமோ கேட்டுப் பழகி வைத்திருந்த தமிழைப் பெருமையாக எடுத்து விட்டார்.

“நான்... போறேன்!”

துணைவேந்தர், டிரைவர், கேசரி பரிமாறியவர், அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“போறேன்னு சொல்லக் கூடாது!”

கைசா வெலவெலத்துப் போனார். ஜெபமலர் அவர் காதில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கைசாவின் முகம் விரிந்தது.

“ஓ! செவன்டீன்!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாக்கு இரண்டு தடவை புரண்டு, பிறகு சரியாக வந்தது. “போயிட்டு வாரேன்!”

கார் கேட்டைத் தாண்டி மறைந்தது. ஆவுடையப்பன் மட்டும் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“குருவே.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“முப்பதாம் தேதி அந்த விழாவை வைக்கச் சொல்லிருங்க.”

“வேண்டாம்னுல்லா எரிஞ்சு விழுந்தீங்க?”

“சொல்லிக்கிடாமப் போனா நல்லாவா இருக்கும்?”