பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கழுத்து

குரு சீடரைவிட வயதில் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஈரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியறையில் குருவுக்கு இருபத்தெட்டு வயது, சீடருக்கு நாற்பத்து மூன்று. குரு ஜீவிதா, படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவதில் கெட்டிக்காரி. சீடர் வளர்மதி, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் அந்த வேலையைக் கற்க வந்தவள். சின்னவள் பெரியவளை அக்கா என்பாள், பெரியவள் சின்னவளை மாஸ்டர் என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொள்கிறவர்களுக்கு முழுப் படத்தைத் தர மாட்டார்கள். ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் கழுத்து என்று துண்டாகத்தான் வரும். ஆளைப் பார்த்துவிட்டால் வேலை ஓடாது, ஊர்ப்பேச்சுதான் ஓடும் என்பது ஜீவிதாவின் கட்சி.

அன்று மதியம் வளர்மதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"என்னக்கா, இன்னைக்கும் பட்டினியா?"

"பசிக்கலீங்க மாஸ்டர்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. கழுத்துல என்ன, புண்ணா?"

வளர்மதி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எலுமிச்சைத் தோலை உப்பில் தொட்டுத் தேய்த்த இடம், உரிந்துபோய் எரிந்துகொண்டிருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கொட்டிவிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஜவுளிக்கடை பேனர் பார்த்தீங்களா, ஆடித் தள்ளுபடிக்கு வெச்சது? அதுல நிக்கிறது என் ஓரகத்தி சுகந்தி. கொழுந்தன் சம்சாரம். சேலை எடுக்கப் போனவளை நிக்க வெச்சுப் படம் எடுத்துட்டாங்க."

"நல்ல விஷயந்தானே?"

"என்னங்க நல்ல விஷயம்? வயிறு எரியுது. என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவ. ரெண்டு பேரும் ஒரே ஆசாரிகிட்டச் செஞ்ச தாலிக்கொடிதான் போட்டிருக்கோம். எனக்கு உரசி உரசிக் கழுத்தே கறுத்துப் போச்சு. அவளுக்கு ஒரு கோடு இல்லை, ஒரு கறுப்பு இல்லை. நீங்களே சொல்லுங்க மாஸ்டர், அந்தக் கழுத்து எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

ஜீவிதா திறக்காத டப்பாவை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள். வளர்மதி அதைத் தொடாமல் மேலே பேசினாள்.

"எங்க மாமியார் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ஆட்டோவை நிறுத்திப் பார்க்கறாங்க. பார்த்துட்டு என் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு. ஞாயித்துக்கெழமை நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அவ பக்கத்துல நான் எப்படிங்க நிக்கிறது? காய்ச்சல்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"அவங்ககிட்டப் பேசினீங்களா?"

"அவகிட்டயா? பேனர் வெச்சதுல இருந்து, கொளுத்துற வெயில்லகூட முந்தானையைக் கழுத்தைச் சுத்திக்கிட்டுத்தான் வர்றா. நாங்க பார்த்தா கண்ணு பட்டுடுமாம். என்னா திமிரு!"

சொல்லிவிட்டு அழுதாள். பொறாமைக்கு வெட்கமே கிடையாது. சோற்றையும் தூக்கத்தையும் பிடுங்கிக்கொள்ளும், ஆனாலும் அதைத்தான் மடியில் வைத்துக் கொஞ்சுவோம்.

ஜீவிதா தன் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். திரை முழுக்க ஒரு கழுத்து. மடிப்புக் கோடுகள், கொடி உரசிய கறுப்பு, காதோரம் வேர்க்குரு.

"இது ஞாபகம் இருக்காக்கா?"

"இல்லாம? போன மாசம் எனக்குக் குடுத்த துண்டு. இந்தக் கறுப்பை எடுக்க ஒரு நாள் பூரா உக்காந்தேன். பாவம், யாரோ நம்மளை மாதிரின்னு நெனச்சுக்கிட்டேதான் செஞ்சேன்."

ஜீவிதா படத்தைச் சிறிதாக்கினாள். கழுத்துக்கு மேலே முகம் வந்தது, கீழே பட்டுச்சேலை வந்தது. திருத்தாத சுகந்தி நின்றாள்.

வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தாள். ஆனாலும் பிடித்த பொறாமை அவ்வளவு லேசில் விடுமா?

"சரி, கழுத்து என் கைவேலை. பேனர்ல அந்த மூக்கு?"

"பக்கத்து மேசை ரஹ்மத் செஞ்சது."

"இடுப்பு?"

"நான்."

"அப்போ அந்தப் பேனர்ல அவளோடது என்னதாங்க இருக்கு?"

"சேலைகூடக் கடையோடதுக்கா."

வளர்மதிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"நேத்து நீங்க கிளம்பினப்புறம் உங்க ஓரகத்தி இங்க வந்தாங்க. கடையில விசாரிச்சு வந்தாங்களாம். அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க, கழுத்துல இருந்து முந்தானையை எடுக்கவே இல்லை."

வளர்மதியின் கை தானாகத் தன் முந்தானையைப் பற்றியது.

"எதுக்கு வந்தா?"

"பேனரைப் போன்ல படம் புடிச்சு வெச்சிருந்தாங்க. அதைக் காட்டி, 'அந்தக் கழுத்து எனக்கு மட்டும் ஏன் இல்லை'ன்னு கேட்டாங்கக்கா."