மந்திரியின் இருமல்

சிரிப்பு வரும் கதைதான். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் ஓர் ஆடு வர வேண்டும்.

ஆடு வருவதற்குள் ஒன்று. மடத்துக் குருவுக்கு ஊரிலுள்ள எல்லார் குரலும் வரும். ஒருமுறை கண்டக்டர் குரலில் "ரைட்!" என்று சொல்லி, நின்றிருந்த பஸ்ஸையே கிளப்பிவிட்டார். கண்டக்டர் டீக்கடையில் இருந்தார்.

அது கிடக்கட்டும். சீடர்களில் ஒருவரான வக்கீல் மாசிலாமணி அன்று காலையிலேயே வந்துவிட்டார். நீதிபதி பதவிக்கு அவர் பெயரைச் சொல்லியிருந்தார் மந்திரி கோதண்டம். மந்திரி பக்கத்து ஊரில்தான் தங்கியிருந்தார். சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஏத்துக்கிட்டா என்ன தப்பு சாமி? கட்சி நாற்காலியைத்தானே தருது? உட்கார்ந்த பிறகு கட்சி யாரு, நான் யாரு?"

"மந்திரி ஏதாவது கேட்டாரா?"

"ஒண்ணுமே கேக்கலை. 'நம்ம பையன் ஒருத்தன் அங்க இருக்கட்டும்'னார். அவ்வளவுதான்."

"பையனுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு, சாமி."

குரு தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ஆடு வந்தது. கயிற்றைப் பிடித்தபடி பேச்சி. பின்னாலேயே மந்திரி கட்சியின் கிளைச் செயலாளர் அம்மையப்பன்.

"என் வாழைக்கன்னைத் தின்னுடுச்சு சாமி. ஆடு எனக்கு வரணும்."

"பொதுப்பாதையில வேலி போடாம கன்னு வச்சா, ஆடு மனு குடுத்துட்டா மேயும்?" என்றாள் பேச்சி. "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் சாமி."

"நல்லதாப் போச்சு. ஜட்ஜ் ஐயாவே இருக்கார்" என்று மாசிலாமணியைக் காட்டினார் அம்மையப்பன்.

குரு தன் நாற்காலியில் மாசிலாமணியை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். மோர் எடுக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மாசிலாமணி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே விசாரித்தார். கேட்ட கேள்வியில் அம்மையப்பனே தலையைச் சொறிந்துகொண்டு, "பொதுப்பாதைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்படின்னா..." என்று மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

கதவுக்குப் பின்னால் ஓர் இருமல். இரண்டு சின்னது, ஒரு நீண்ட இழுப்பு. ஊருக்கே தெரிந்த மந்திரி இருமல். பிறகு அந்தக் கரகரத்த குரல்.

"என்ன மாசிலா, சாப்டியா?"

"ஆச்சுங்கய்யா!" மாசிலாமணி எழுந்து நின்றார்.

அம்மையப்பன் மீசைக்குள் சிரித்தார். பேச்சி காலியான நாற்காலியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கயிற்றை அம்மையப்பன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"ஏம்மா, நில்லு! இன்னும் தீர்ப்பே சொல்லலையே!"

"சொன்ன மாதிரிதான் ஐயா." அவள் திரும்பவில்லை.

கதவு திறந்தது. கையில் மோரோடு குரு வந்தார். பின்னால் யாரும் இல்லை. அதே இருமலை இன்னொரு தடவை இருமிக் காட்டினார். பிறகு அம்மையப்பன் கையிலிருந்த கயிற்றை உருவிக் கீழே விட்டார். ஆடு பேச்சியின் பின்னால் ஓடியது.

"நீங்களா சாமி!" மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆடு அவளுக்குத்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இப்படி ஒரு விளையாட்டா? சரி, அந்தக் குரல்தான் என்ன கேட்டுச்சு? சாப்டியான்னுதானே! என் தீர்ப்பு மாறவே இல்லை சாமி."

"மாறலை," என்றார் குரு. "தோள்ல கிடந்த துண்டு எங்கே?"

மாசிலாமணி தோளைத் தடவினார். இந்தத் தோள், அந்தத் தோள். நாற்காலியில் தேடினார், நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். துண்டு கக்கத்தில் இருந்தது.